தட்டினால் அணைக்க வேண்டும்

மேடையில் பெரிய நாற்காலியில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பக்கத்தில் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கட்டட முதலாளி அவர்களே, அழ வந்து தேநீருக்குக் காத்திருக்கும் பெருமக்களே, வணக்கம்.

நம் ஜனங்கள் பெட்டியோடு இந்த ஊரில் வந்து இறங்கிய நாளிலிருந்து நமக்குக் கடைத்தெருவாக இருந்த இந்தக் கட்டடம் காலமாகிவிட்டது என்று தலைவர் சொன்னார். குரல் தழுதழுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு சந்தேகம். நாடி பார்த்தது யார்? எல்லாக் கடையும் காலி என்று சங்கத்தின் பெயரில் முதலாளிக்கு எழுதிக் கொடுத்தது யார்? மாடியில் என் தையல் கடை இன்று காலையும் திறந்தது. சலூனும் திறந்தது. ஆள் இருக்கும் கட்டடத்தை இடிக்க முடியாது. அதனால் முதலில் இரங்கல், பிறகு இடிப்பு. மூச்சு இருக்கும்போதே பாடை கட்ட நம் சங்கத்துக்குச் சொல்லியா தர வேண்டும்?

இறந்ததாகச் சொல்லப்படுபவரைப் பற்றி நானும் நாலு வார்த்தை சொல்கிறேன். ஒற்றுமையின் சின்னம் என்றார் தலைவர். ஒற்றுமையாவது? கூரை ஒழுகும், படிக்கட்டு ஆடும், ஒயர் அரதப்பழசு. மேலே என் இஸ்திரிப் பெட்டியும் கீழே சலூன் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கரண்ட் தேவைப்படுபவர் சுவரோரத் தண்ணீர்க் குழாயில் தட்டுவார். மற்றவர் தன்னுடையதை அணைப்பார். "யோவ் டெய்லர், பாதி ஷேவிங்ல ஒக்காந்திருக்காருய்யா மனுஷன்" என்று சலூன்காரர் கீழேயிருந்து கத்துவார். "மீதியைப் பச்சைத் தண்ணில பண்ணுய்யா" என்பேன் நான். திட்டிக்கொண்டேதான் அணைத்தோம். ஆனால் அணைத்தோம்.

ஒருவர் மட்டும் அணைத்ததில்லை. இதே கீழ்த்தளத்தில், இதே கூடத்தில், போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். குழாய் நெளியும் அளவுக்குத் தட்டுவோம். அவருடைய விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும், என் இஸ்திரிப் பெட்டி ஆறிக் கிடக்கும். போய்க் கேட்டால், "காதுல விழலையே அண்ணே" என்று சிரிப்பார். அன்று குழாய்ச் சத்தம் விழாத அந்தக் காதில், புதுக் கட்டடத்தில் உங்கள் பெயரில் ஒரு மண்டபம் என்று முதலாளி கிசுகிசுத்தது மட்டும் எப்படி விழுந்தது, தலைவர் அவர்களே?

விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதியெடுக்கச் சொன்னீர்கள். எடுக்கிறேன். நாளைக்கும் கடையைத் திறப்பேன். இடிக்க வருகிறவர்கள் தையல் மெஷினில் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சுவரைத் தொட வேண்டும்.

சற்று அமைதி. கேட்கிறதா? குழாய்தான். மேலே என் மனைவி தட்டுகிறாள். நாளை முதல்முதலாக வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும். மேடையில் இரங்கல் படம் ஓட்டும் உங்கள் பெரிய திரையும் இந்த மைக்கும் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கின்றன.

மைக்கை நான் அணைக்கிறேன். திரையை நீங்கள் அணையுங்கள், தலைவரே. இந்தத் தடவை காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. இத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்.