தொடர்பில் இல்லாதவர்கள்

தொலைபேசியில் என் குரல் கேட்க இதமாக இருக்கும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். நோயாளிகளை நானே அழைத்து விசாரித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நோய்க்குறியியல் மருத்துவர்கள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. கண்ணாடித் தகட்டில் திசுவைப் பார்த்து அறிக்கை எழுதுவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும்.

நுரையீரலில் வரும், ஹார்மோன் சுரக்கக்கூடிய நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் நான்கு வகை உண்டு. பிளவுபடும் செல்களை எண்ணி, செத்த திசு இருக்கிறதா என்று பார்த்து வகை பிரிப்போம். கடைசி இரண்டும் ஆளைச் சீக்கிரம் கொண்டுபோகும். முதல் வகை சாது; வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அத்தோடு சரி. அந்தப் ‘பெரும்பாலும்’ எனக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் உழைத்து, முதல் வகைக்குள்ளேயே ஒருபோதும் திரும்பி வராத ஒரு பிரிவைக் கண்டுபிடித்தேன். அறுபத்தொரு பேர். ஒரு மரணமும் இல்லை. அந்தக் கட்டுரையால்தான் பாலிகஞ்சில் உள்ள இந்த மருத்துவமனையில் துறைத் தலைவர் ஆனேன்.

பக்கத்து டாக்குரியா பகுதியில் குடியிருந்த முத்துகிருஷ்ணன் அந்த அறுபத்தொருவரில் ஒருவர். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபரேஷன் ஆன நான்காம் வருடம் அவர் மனைவி வசந்தி என்னை அழைத்தார்.

“இவருக்கு முகம் திடீர் திடீர்னு செவக்கறது டாக்டர். வயித்தாலயும் போறது. சர்ஜன் ஸ்கேன் எடுக்கணும்கறார். நீங்க சொன்னாத்தான் எடுத்துப்பேன்னு இவர் ஒக்காந்திருக்கார்.”

“இந்தக் கட்டி திரும்பி வராது மாமி. பி.பி. மாத்திரையால இருக்கும். ஸ்கேனெல்லாம் வேண்டாம்” என்றேன்.

சர்ஜனைவிட என்னை நம்பினார்கள். சர்ஜன் வங்காளி; நான் அவர்கள் வீட்டு மொழியில் பேசுகிறவன்.

அன்று மாலையே முத்துகிருஷ்ணன் பெயருக்கு எதிரே ‘தொடர்பில் இல்லை’ என்று குறித்தேன். அப்படிக் குறித்துவிட்டால், கடைசியாக நலமாக இருந்த நாளோடு ஆய்வில் அவர் நின்றுவிடுவார். பிறகு அவருக்கு என்ன ஆனாலும் என் பிரிவின் கணக்கைப் பாதிக்காது. இது எல்லா ஆய்விலும் உள்ள வழிதான். வீடு மாறிப்போய்த் தேடினாலும் கிடைக்காதவர்களுக்காக வைத்திருக்கிறார்கள்.

வசந்தி விடவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அழைத்தார். முதுகு வலிக்கிறது என்றார், எடை குறைகிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று சொல்லிவைத்தேன். மற்றவர்கள் எல்லோரும் ஒழுங்காக இருக்கும்போது இந்த மனிதருக்கு மட்டும் என்ன வந்தது என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. கடைசியில் அந்த எண்ணையே பிளாக் செய்தேன். எட்டு மாதம் கழித்து அவர் இறந்த செய்தி, இங்குள்ள தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன்.

அவருக்குப் பிறகு இன்னும் மூவர். அவர்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

நந்திதா என்னிடம் எம்.டி. படித்துக்கொண்டிருந்தவள். அடுத்த கட்டுரைக்காக அவளிடம் பட்டியலைக் கொடுத்திருந்தேன். தொடர்பில் இல்லாத நான்கு பேரின் எண்களையும், நான் சொல்லாமலே, அவள் அழைத்திருக்கிறாள். நான்கு வீட்டிலும் உடனே எடுத்திருக்கிறார்கள். நான்கு பேரும் இறந்திருந்தார்கள். “டாக்டர் கூப்பிடச் சொன்னாராம்மா?” என்று வசந்தி அவளிடம் கேட்டாராம்.

துறைக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னிலையில், இங்கேயே வளர்ந்த தன் தட்டுத்தடுமாறும் தமிழில் நந்திதா என்னிடம் கேட்டாள்: “நாலு வீட்லயும் நீங்கதான் ஸ்கேன் வேண்டாம் சொன்னீங்களாம். ஏன் ஸார்?”

கூட்டத்தை அத்தோடு முடித்தேன். மறுநாள், செல் எண்ணிக்கையை அவள் இட்டுக்கட்டி எழுதுகிறாள் என்று புகார் கொடுத்து, அவளுடைய ஆய்வேட்டை நிறுத்திவைத்தேன். அந்தப் புகார் பொய். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முகம் சிவக்கிறது என்று வசந்தி சொன்ன நிமிடமே, கட்டி ஈரலுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊசி மருந்து இருந்தது. சில வருடங்களாவது கிடைத்திருக்கும். மற்ற மூவருக்கும் அப்படித்தான். தெரிந்தேதான் தடுத்தேன். உங்கள் விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். ‘இவரது கணிப்பு பொய்த்தது’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். என் பட்டியலில் இருந்தவரை அவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.