மீட்டர் கண்ணடிக்குது

— அத்தை, முதல்ல பையைக் கீழ வைங்க. கரண்ட்டைத் தின்னது யாருன்னு தெரியாம இந்த வீட்டை விட்டு ஒருத்தரும் வெளிய போகக் கூடாது.

— ஏம்மா, நேத்து பில்லைக் கையில வச்சிக்கிட்டு, "பகல் பூரா வீட்ல இருக்கிறது யாரு?"ன்னு நீதானே கேட்டே? நான் என்னத்தைக் கண்டேன், காதுல விழுந்ததைச் சொல்றேன். சின்னவன்கிட்ட போன்ல சொல்லிட்டேன். காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான். இனிமே அவன் வீட்டு கரண்ட்டைத் தின்னுக்கறேன்.

— ஐயோ, நான் கேட்டது உங்க பெரிய பிள்ளையை! பகல் பூரா வீட்ல உக்காந்து சட்டை தைக்கிறது அவரு. அயர்ன் பாக்ஸைக் காயப் போட்டுட்டு போன் பேசுறதும் அவரு.

— ஏய், வாசல்ல மீட்டர்கிட்ட நின்னாலும் எனக்குக் காது கேக்குது! மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுட்டு, கடைசியில தையக்காரன் தலையில கட்டுங்க.

— கேளுங்க, ரெண்டு பேரும் கேளுங்க. நான் பஸ் ஓட்டுறவ. வண்டியில ஏதோ சத்தம் வந்தா கண்டக்டரைத் திட்டிக்கிட்டு நிக்க மாட்டேன். ஒவ்வொண்ணா நிறுத்திப் பாப்பேன். எதை நிறுத்தினா சத்தம் நிக்குதோ, அதான் ஆளு. இங்கயும் அதே வைத்தியம்தான். நான் உள்ள ஒவ்வொரு லைனா அணைக்கிறேன். என்னங்க, மீட்டர்ல அந்தச் சிவப்பு லைட்டு என்ன பண்ணுது?

— கண்ணடிக்குது. மூச்சு விடாம அடிக்குது.

— ஒவ்வொரு கண்ணடிக்கும் நம்ம காசு போகுதுன்னு அர்த்தம். முதல்ல அத்தை ரூமு. அணைச்சிட்டேன்!

— ஒரு மாத்தமும் இல்ல.

— பாத்தீங்களா அத்தை? உங்க ஃபேன், லைட்டு, ரேடியோ எல்லாம் நின்னுடுச்சு, மீட்டர் சட்டையே பண்ணல. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. பையைப் பிரிங்க.

— இப்ப சொல்லி என்ன பண்ண? அவன் பாதி வழி வந்திருப்பான். அவன்கிட்ட என்னன்னு சொல்ல, மீட்டர் மன்னிச்சு விட்டுடுச்சுன்னா?

— அடுத்தது தையல் ரூமு.

— ஏய், இரு இரு, மிஷின்ல பாதிக் காலர் நிக்குது!

— அணைச்சாச்சு. இப்ப?

— அப்படியேதான் அடிக்குது. அதான் பாத்தேன்! என் மேல பழி போட்டவங்க ஒவ்வொருத்தரா வந்து மன்னிப்பு கேக்கலாம்.

— ரொம்பத் துள்ளாதீங்க. ஃபிரிஜ்ஜையும் அணைச்சிட்டேன்.

— லேசா வேகம் குறைஞ்ச மாதிரி இருக்கு. ஆனா நிக்கல.

— அப்போ மிச்சம் இருக்கிறது பின்பக்கத்து லைன் ஒண்ணுதான்.

— அதுல என்னம்மா இருக்கு, பாத்ரூம்ல ஒத்த பல்பு. அதை விடு. எனக்குப் புழுங்குது, ஃபேனைப் போடு.

— இந்தக் குளிருல புழுங்குதா? என்ன அத்தை பேசுறீங்க! பாத்ரூம்ல பல்பும் ஹீட்டரும் இருக்கு. ஆனா ஹீட்டரைத்தான் குளிர் ஆரம்பிச்சப்பவே நிறுத்தி, யாரும் தொடக் கூடாதுன்னு சட்டம் போட்டேனே. எதுக்கும் பாத்துடுவோம். இதோ, அணைச்சிட்டேன்.

— ஏய்! நின்னுடுச்சு!

— நல்லாப் பாருங்க.

— நல்லாத்தான் பாக்குறேன். மூச்சுப் பேச்சில்ல. நான் உள்ள வர்றேன், நீ போய் ஹீட்டரைப் பாரு.

— சுவிட்ச் போட்டபடி இருக்குங்க! அதுக்கு மேல சிவப்பா ஒரு லைட்டு இருக்குமே, அது எங்க போச்சு? இதென்னது, மேல கறுப்பு டேப்பு ஒட்டியிருக்கு?

— அடப்பாவமே, என் டேப்பு! மிஷின் வயருக்குச் சுத்த வச்சிருந்தது. வீட்டைத் தலைகீழாப் புரட்டித் தேடினேன், இங்க வந்து குடித்தனம் பண்ணுதா?

— அத்தை, இங்க என் முகத்தைப் பாருங்க.

— என்னத்தைப் பாக்க? நான்தான் ஒட்டினேன்.

— ஏன் அத்தை?

— ஏன்னா கேக்குறே? விடியுறதுக்கு முந்தி போறே. திரும்பி வர்ற நேரம் ஒரு நாளைப் போல ஒரு நாள் இல்ல. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நீ அந்தப் படி ஏறுறதைப் பாத்தா என் வயிறு எரியும். சுடுதண்ணியில குளின்னா சட்டம் பேசுவே. அதான் நீ கிளம்பினதும் போட்டுடுவேன். லைட்டு எரிஞ்சா கண்டுபிடிச்சுக் கத்துவியேன்னுதான் டேப்பு. தண்ணி வெதுவெதுன்னு வந்தா, வெயில்ல தொட்டி காஞ்சதுன்னு நீ நினைச்சுக்குவேன்னு இருந்தேன். தண்ணி ஒரு தடவை காஞ்சிட்டா அப்புறம் எதுக்குக் கரண்ட்டுன்னு நினைச்சேன்.

— அம்மா, அது ஆறும். ஆறினதும் தானா மறுபடியும் காய்ச்சும். அதுவும் இந்தப் பழைய ஹீட்டர் பகல் பூரா அதே வேலையா இருக்கும்.

— நான் என்னத்தைக் கண்டேன்? இவ குளிச்சிட்டு வந்து, "அப்பாடா, இப்பதான் அத்தை உடம்பு லேசாச்சு"ம்பா. அதைக் கேட்டா எனக்குப் பொழுது நல்லாப் போகும். சரி, குட்டு உடைஞ்சு போச்சு. கரண்ட்டைத் தின்னது நான்தான். பையை எடுடா, வாசல்ல போய் நிக்கிறேன்.

— அத்தை, நில்லுங்க.

— ஏம்மா கண்ணைத் துடைக்கிறே? நான் தப்பா எதுவும் சொல்லலியே.

— ஹீட்டர் ஓடலைன்னு நம்பி, இத்தனை நாளும் நான் பச்சைத்தண்ணிக் குழாயைத்தான் திறந்தேன். சுடுதண்ணிக் குழாய் பக்கம் கையே போனதில்ல. பல்லு கிடுகிடுன்னு ஆடும். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கேக்காதேன்னுதான் வெளிய வந்து அந்த "அப்பாடா".

— என்னது? அப்போ அந்தத் தண்ணியில யாரு குளிச்சா? டேய், நீயா?

— நானா? இவ சட்டத்தை மீறவா? நானும் நடுங்கிக்கிட்டுத்தான் குளிக்கிறேன். ஏம்மா, நீ?

— இவ பாடுபட்டு மிச்சம் பிடிக்கிறா, நான் மட்டும் சுகமா குளிக்கிறதான்னு நானும் பச்சைத்தண்ணிதான்.

— போச்சுடா! மூணு பேரும் விறைச்சுப் போய்க் கிடந்திருக்கோம், ஹீட்டர் மட்டும் ராஜா மாதிரி காஞ்சிருக்கு!

— சிரிச்சது போதும், கேளுங்க. இன்னையில இருந்து புதுச் சட்டம். வண்டிய டிப்போவுல விட்டதும் நான் போன் பண்ணுவேன். அப்ப ஹீட்டரைப் போடணும், நான் குளிச்சதும் அணைக்கணும். உங்க பிள்ளை மிஷின்ல உக்காந்தா வீடு இடிஞ்சாலும் எழுந்திருக்க மாட்டாரு. எனக்கு நீங்கதான் வேணும் அத்தை.

— அம்மா, ஹார்ன் சத்தம் கேக்குது. தம்பி வந்துட்டான். அவன்கிட்ட என்ன சொல்ல?

— டேய், பையைப் பிரிச்சு முதல்ல என் துண்டை எடு. இவ குளிச்சதும் நான் போகணும். அவனையும் உள்ள கூப்பிடு, தண்ணி ஆறுறதுக்குள்ள அவனும் ஒரு முழுக்குப் போட்டுட்டுத் தனியாப் போகட்டும்.