சால்மனுக்குக் குளியல்

“எங்க வீட்டுக்காரரு நேத்து சால்மன் மீனக் குளிப்பாட்டிட்டாருக்கா.”

காலை ஷிப்டுக்குப் பாசிர் கூடாங் போகும் தொழிற்சாலைப் பேருந்தில், எனக்கு முன்னிருக்கைப் பெண் பக்கத்து அக்காவிடம் சொன்னது இது. எனக்கு வந்த தூக்கம் போய்விட்டது. மரியாதைக்குக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

“அலமாக்! எதுக்கும்மா?”

“அவருக்கு எப்பவும் நைட் ஷிப்ட், எனக்குப் பகல். நேத்து அவருக்கு லீவு. அதிசயமா ஒண்ணா சாப்பிடப் போறோமேன்னு மல்லி, சோம்பு, மிளகு எல்லாம் கொரகொரன்னு இடிச்சு, மீன் மேல கனமா அப்பி, பிரிட்ஜுல வச்சுட்டு வேலைக்கு வந்தேன். சாயங்காலம் போய் வறுத்தா போதும்.”

“அப்புறம்?”

“மீன்ல மண்ணு ஒட்டியிருக்குன்னு நெனச்சு, தேய்ச்சுக் கழுவிப் புளிக்கொழம்பு வச்சுட்டாரு லா.”

வந்த சிரிப்பை இருமலாக மாற்றினேன். நானாக இருந்தால் மீனையே குப்பையில் போட்டிருப்பேன்.

“நல்லா ஏசினியா?”

“ஏசத்தான் வாயத் தொறந்தேன். ரெண்டு தட்டு எடுத்து வச்சுட்டு, சாப்பிடாம எனக்காகக் காத்திருந்து மேசையிலேயே தூங்கிட்டாரு. எழுப்பி ஒண்ணாத்தான் சாப்பிட்டோம்.”

“கொழம்பு எப்படி?”

“உப்பே இல்லக்கா. அந்த மூஞ்சியப் பாத்து, நல்லாருக்குன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்.” அவள் பெரிதாகக் கொட்டாவி விட்டாள். “அடுத்த லீவுக்கும் அவரே வைக்கிறாராம்.”