குறையாத பாட்டில்

— கழுத்துக் கட்டிக்குப் போடுற ஊசி கிட்னியை ஏன் கெடுக்கணும் சாமி? இதுக்குப் பேரு வைத்தியமா?

— எனக்கும் அதே மஞ்ச ஊசிதானே, வீரமலை. கட்டி கரையறதோ இல்லையோ?

— கரையுது. ஆனா டாக்டரே சொல்றாரே, தண்ணி நிறையக் குடி, போற மூத்திரத்தை இந்தப் பாட்டில்ல பிடி, அளவு குறைஞ்சா கிட்னி அடிபட்டுப் போச்சு, ஊசியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு. அன்னைக்கே எனக்கு வீடு போய்ச் சேர வழி தெரிஞ்சு போச்சு.

— என்ன வழி?

— பாதியை ஜன்னலுக்கு வெளியில ஊத்திடுறேன்.

— ரங்கநாதா, கீழே துளசி இருக்கு ஓய்.

— அது நல்லாத்தான் தழைஞ்சிருக்கு. எனக்குத்தான் காரியம் ஆகல. பாதியாக்கி வெச்சுட்டு அந்தாண்ட போய்ப் பல்லு விளக்கிட்டு வந்தா, பாட்டில் ரொம்பிக் கிடக்கு. தினம் இதே கதை.

— பெருமாள் கிருபை.

— பெருமாளுக்கு வேற சோலி இல்லையா? அந்த நர்ஸம்மாதான் ஊத்துது. வாங்கி வெச்ச ஊசி செலவாகணுமில்ல.

— சிவனேன்னு போட்டுக்கோயேன். உன் பொண்டாட்டி மாரியாயி உனக்காக விரதம் இருக்கா.

— நீங்க மட்டும் ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போகணும்னு டாக்டர்கிட்ட அழுதீங்களே. ஊசி முடியாம சொர்க்கவாசல் கிடையாதுன்னுட்டாரு. என் சொம்புத் தண்ணியைத் தொடாதவரு நீங்க, எனக்குப் புத்தி சொல்றீங்க.

— அது ஆசாரம்ப்பா. உன்கிட்ட வாங்கப்படாது. கொடுக்கலாம்.

— வீரமலை ஐயா, பாட்டில் இன்னைக்கும் நிறைய இருக்கு. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். உங்க கிட்னி நல்லாத் தாங்குதாம், ஊசியைக் கூட்டிப் போடச் சொல்லிட்டாரு.

— நர்ஸம்மா, நீங்களே ஊத்திட்டு நீங்களே அளக்குறீங்களா?

— எனக்கு வேற வேலை இல்லையா? வேதாந்தம் சாமி, உங்க பாட்டில்தான் கொஞ்ச நாளா அடியோட நிக்குது. கிட்னி அடிபட்டிருக்கும்னு டாக்டர் பயப்படுறாரு. ஊசியை நிறுத்தியாச்சு. வீட்டுல ஆள் வந்தா கிளம்புங்க.

— எல்லாம் ரங்கன் சித்தம், லூர்தம்மா.

— அந்தம்மா போயிடுச்சு. என் மூஞ்சியைப் பாருங்க சாமி. கொள்ளிடத்துத் தண்ணின்னு வீட்டுலேருந்து குடம் குடமா வருது, அத்தனையும் குடிக்கிறீங்க. எங்க போச்சு எல்லாம்?

— கோவிச்சுக்காதே. ஏகாதசி முடிஞ்சதும் நானே வந்து டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லி, மிச்ச ஊசியைப் போட்டுக்கறேன்.

— எங்க போச்சுன்னு கேட்டேன்.

— துளசி மேல ஊத்த மனசு வரலே வீரமலை. உன் பாட்டில்தான் கைக்கு எட்டித்து.