மங்கலான மோதிரங்கள்

காலையில் கொடுத்த தேநீருக்கு நன்றி. இஞ்சி தூக்கலாக இருந்தது. எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

நீங்கள் போலீஸ்காரர் என்பதால் என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா ஏரித் தீவுகளின் மருத்துவ நிலையங்களில், காய்ச்சலோடு வருகிறவர்களின் ரத்தத் துளியை நுண்ணோக்கி வழியாகப் படம் எடுப்பார்கள். அதில் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று சொல்லும் நிரலைக் கம்பாலாவில் உட்கார்ந்து எழுதியவன் நான். சி பிளஸ் பிளஸ் மொழியில். என் தலை நரைத்தது அதில்தான்.

போன வருடம் நாகிமுலி என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தாள். அதே வேலையைப் பைத்தான் என்ற எளிய நிரல்மொழியில், சில பக்கங்களில் எழுதிக் காட்டினாள். வேகம் போதாது, நினைவகத்தை விழுங்கும் என்று அலுவலகக் கூட்டத்தில் பொறுமையாக விளக்கினேன். இயக்குநர் கொபுசிங்கே அம்மையார் முட்டை சுருட்டிய சப்பாத்தியைத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க லீவு போட்டா உங்க புரோகிராமைத் தொட இங்க ஆள் இல்லையே, முசே. இவ எழுதினது எனக்கே புரியுது," என்றார். வயதில் பெரியவன் என்பதால் அங்கே எல்லோருக்கும் நான் முசே.

எல்லோரும் சிரித்தார்கள். நாகிமுலி மட்டும் சிரிக்கவில்லை. "உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான், முசே," என்றாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மழைக்காலம் முடியும்வரை தீவுகளில் அவளுடைய நிரல் ஓடட்டும், பிறகு எந்த மொழி என்று முடிவு செய்யலாம் என்றார் இயக்குநர்.

அது நன்றாகவே ஓடியது. பிழை வரும் வரும் என்று காத்திருந்து அலுத்துப்போனேன். எந்த நிரலிலும் பிழை ஒளிந்திருக்கும். வெளியே வருவதற்குக் கொஞ்சம் உதவினேன், அவ்வளவுதான். அவள் நிரலில், தூசி என்று ஒதுக்கும் அளவைச் சற்று உயர்த்தினேன். ஒரே ஓர் எண். கிருமி ரத்தத்தில் மோதிரம்போலத் தெரியும். மங்கலான மோதிரங்கள் தூசியோடு போயின.

நர்சுகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பினேன். ஒருத்திக்குச் சந்தேகம் வரவும் செய்தது. நாகிமுலி சாப்பிடப் போயிருந்தாள். அவள் மேசைத் தொலைபேசியை நான் எடுத்தேன்.

"பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது, மிஷின் ஒண்ணுமில்லங்குது. மலேரியா மருந்து குடுத்துடட்டுமா?"

"படத்துல இல்லன்னா இல்லம்மா. மருந்தை வீணாக்காதீங்க," என்றேன்.

மழைக்காலச் சோதனை ஓட்டத்தை நடுவில் குலைக்கக் கூடாது அல்லவா.

அந்தக் குழந்தை இறந்த செய்தி அடுத்த படகில் வந்தது. பிறகு மற்ற தீவுகளிலிருந்தும் அதுபோன்ற செய்திகள் வந்தன. நாகிமுலி தன் நிரலை வரிவரியாகப் பார்த்தாள். அந்த எண்ணைக் கண்டதும், தானே கைதவறிப் போட்டதாக நம்பிவிட்டாள். அவள் அழுதபோது பக்கத்தில் இருந்தவன் நான்தான். "அனுபவம் வந்தா சரியாயிடும்மா," என்றேன். வேலையை விட்டுப் போய்விட்டாள். என் நிரல் தீவுகளுக்குத் திரும்பியது.

ஆம், மாற்றியது நான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். என் நிரலில் ஓர் எண்ணை மாற்ற வேண்டுமென்றால் முழுவதையும் மறுபடி இயந்திர மொழிக்குத் தொகுக்க வேண்டும். வெளியாள் தொட முடியாது. அவளுடையதை யார் வேண்டுமானாலும் திறந்து திருத்திவிட்டுப் போகலாம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அப்படி ஒரு மொழியை வைக்கலாமா? தலைபாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்?