சொட்டு மருந்தும் என் தோளும்

பால் புட்டியைக் குலுக்கக் கூடாது, மேடம். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரை கட்டும். நுரை என்றால் காற்று. அது பிள்ளையின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர வழி தெரியாமல் முறுக்கும். பிள்ளை முழங்காலை வயிற்றோடு மடக்கி, முகம் சிவக்கக் கத்தும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தாலும் விளங்காதவர்கள் இருக்கிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

ஏரிக்கரையில் தோணிரேவுக்கு அடுத்த மீனவர் குப்பம் எங்களுடையது. அங்கே தேவகி என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் என் வீட்டைக் காட்டும். எந்த வீட்டில் கைப்பிள்ளை கத்தினாலும் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். இடது தோளில் போட்டு, முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவித் தட்டினால் ஏப்பம் வந்துவிடும். பிள்ளை அப்படியே கண்ணை மூடும். நான் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. “அக்கா, உன் தோளுல இன்னாதான் வெச்சிருக்கே” என்று கேட்பார்கள். அது போதும் எனக்கு.

என் தம்பி விக்கியையும் நான்தான் வளர்த்தேன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கொஞ்ச காலம் கூலி வேலைக்குப் போனான். அங்கே கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்த திவ்யாவைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவளுக்கு ஊர் அனுப்பம்பட்டு. வந்த அன்றைக்கு என் கையால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள், வாசலில் துப்பினாள்.

“இன்னா அண்ணி, உப்பு கரிக்குது.”

“கைப்பம்பு தண்ணிம்மா. நாங்கல்லாம் இதைக் குடிச்சுத்தான் உயிரோட இருக்கோம்.”

அதற்கப்புறம் அவள் லாரித் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. லாரி வராத நாளில் தாகத்தோடு உட்கார்ந்திருப்பாள். நாக்கு என்றால் அவள் நாக்குத்தான் நாக்கு. நாங்கள் எல்லாம் கருவாட்டோடு பிறந்தவர்கள்.

பிள்ளை பிறந்தது. ராகுல் என்று பெயர் வைத்தார்கள். பிறந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் கண்டு பால் நின்றுபோனது. புட்டிப் பால்தான் என்று ஆனது. பால் சுரக்காததை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் புட்டியைப் படுக்க வைத்துப் பிடித்து, பிள்ளை பாதிக்குப் பாதி காற்றைக் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டே கைபேசியில் அம்மாவோடு பேசுகிறவளை நான் வேறு என்ன சொல்ல. ராகுலுக்கு வாயு கட்டியது. கத்துவான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரத்தில் அவளே வருவாள், தலை கலைந்து, கண் கலங்கி.

“அண்ணி, நீங்களே வாங்கிக்குங்க. என்னால ஆவல.”

வாங்கிக்கொள்வேன். என் தோளில் விழுந்ததும் அடங்கிவிடுவான். அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன.

பிறகு பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பழுப்புப் பாட்டில் கொடுத்தார். வாயுவுக்குச் சொட்டு மருந்து. பால் கொடுக்கும் முன்னால் நாக்கில் விட வேண்டும். பிள்ளையைச் சாய்த்து உட்கார வைத்த மாதிரி பிடிக்க வேண்டும். ரப்பர் காம்பு நிறையப் பால் நிற்கும்படி புட்டியைத் தூக்க வேண்டும். நடுவில் நிறுத்தி ஏப்பம் விடவைக்க வேண்டும். நான் தொண்டை வற்றச் சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார். நான் சொன்னபோது காதில் ஏறவில்லை. வெள்ளைக் கோட்டு சொன்னால் ஏறுகிறது.

அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. நான் அரிசி களைந்துகொண்டே காதை அங்கே வைத்திருந்தேன். ஒரு நாள் சின்னதாக ஒரு ஏப்பம் கேட்டது, அவள் சிரிக்கிறது கேட்டது. அவ்வளவுதான். அந்த வாரத்திலேயே எதிர்வீட்டு வசந்தா தன் பேத்திக்கு அதே பாட்டிலை வாங்கி வந்தாள். என் வாசலில் நிற்காமலே போனாள்.

“தேவகியக்கா, இனிமே நீ காலை நீட்டி உக்காரலாம். எல்லாத்துக்கும் சொட்டு வந்துடுச்சி.”

சோம்பு வாசனை அடிக்கிற ஒரு தண்ணீர், மேடம். அதன் முன்னால் என் தோள் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அதில் எத்தனை மூடத்தனம் இருக்கிறது என்று இவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். வேறு எண்ணம் இல்லை.

திவ்யா குளிக்கப் போன நேரத்தில் மருந்தை வேறு பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். அந்தப் பழுப்புப் பாட்டிலில் சோம்பு ஊறவைத்த தண்ணீரைச் சர்க்கரை போட்டு ஊற்றி வைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டு நாளில் ராகுல் பழையபடி கத்தினான். அவள் சொட்டு விட்டாள். கத்தினான். இன்னும் சொட்டு விட்டாள். கடைசியில் என் வாசலுக்கு வந்தாள்.

நான் பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோவேன். என் சுருக்குப் பையில் அந்த நல்ல மருந்து இருக்கும். நாக்கில் விட்டுவிட்டுத் தோளில் போட்டுக்கொள்வேன். சிரிக்காதீர்கள். அவனை அடக்கியது என் தோள்தான். மருந்து சும்மா கூட இருந்தது.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் படுகிற நல்ல இடங்கள் கொஞ்சம். அதில் யார் எந்த நாள் வலை கட்டலாம் என்று ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். தன் பாடு வரும் நாளில் போகாதவன் முறை போனதுதான், அடுத்த சுற்று வரைக்கும் காத்திருக்க வேண்டும். பொழுது சாயப் போய் விடியவிடிய வலையோடு நிற்க வேண்டும் என்பதால் அன்றைக்குப் பகலில் ஆண்கள் படுத்துத் தூங்குவார்கள். வீட்டில் யாரும் பாத்திரம்கூட உருட்ட மாட்டார்கள்.

விக்கியின் பாடு வந்த நாளில் காலையிலேயே போய், “நீ சமைம்மா, நான் பால் கலக்கித் தரேன்” என்றேன். புட்டியை நன்றாகக் குலுக்கினேன். நுரையோடு அவளிடம் கொடுத்தேன். பகல் முழுக்கப் பிள்ளை கத்தினான். அன்றைக்கு மட்டும் நான் கதவைப் பூட்டிக்கொண்டு வசந்தா வீட்டுக்குப் போய்விட்டேன். விக்கி ஒரு கண் மூடவில்லை. சாயங்காலம் எல்லோரும் தோணி தள்ளுகிற நேரத்தில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனான். எழுப்பப் போனவளைத் தள்ளிவிட்டான். முறை போனது. விடிந்ததும் அவன் கத்தியது ஊருக்கே கேட்டது.

“ஒரு புள்ளைய அடக்கத் துப்பில்ல. நீயெல்லாம் இன்னாத்துக்குப் பெத்த?”

நான்தான் நடுவில் போய் அவனை அடக்கினேன். “வுடுடா, அவ இன்னா பண்ணுவா, அவ ராசி அப்படி” என்றேன். அதற்கப்புறம் திவ்யா பிள்ளையைத் தூக்குமுன் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள், அதில் என்னவோ ஒட்டியிருக்கிற மாதிரி. பயந்து தூக்குகிற கையில் எந்தப் பிள்ளை அடங்கும். பிள்ளைக்கும் அது தெரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம் என்பீர்கள். பிள்ளை அவளிடமே இருந்தால் நாளைக்கு இன்னொரு டாக்டர், இன்னொரு பாட்டில் வரும். அதனால் ஒரு ஊசியைச் சூடாக்கி ரப்பர் காம்பின் ஓட்டையைப் பெரிசாக்கினேன். மீன் ஏலம் நடக்கிற நேரம் பார்த்து, “பசிக்குது பாரு அவனுக்கு, இங்கயே குடு” என்று துறையில் பெண்கள் நடுவே அவளை உட்கார வைத்தேன். பால் மடமடவென்று இறங்கியது. புரையேறியது. பிள்ளைக்குச் சத்தம் வரவில்லை. உதடு நீலமானது. அவள் உறைந்துபோனாள். நான் கொஞ்சம் பொறுத்தேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கட்டும் என்று. பிறகு பிடுங்கி, முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் அறைந்தேன். பால் வெளியே வந்தது, மூச்சு வந்தது, அழுகை வந்தது. கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்த வசந்தா என் காலில் விழாத குறை.

“இந்த ஊருக்கே நீதான்க்கா தாயி” என்றாள். சொட்டு மருந்தைப் பற்றி அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். திவ்யா உடம்பும் மனசும் தேறுகிற வரைக்கும் அனுப்பம்பட்டில் இருக்கட்டும், பிள்ளை தேவகியிடம் இருக்கட்டும் என்று முடிவானது. அவள் அம்மா ருக்கு அழைத்துப்போக வந்தாள். திவ்யா துணியை மடித்தாள். கடைசியாக ஒரு தடவை நானே கொடுக்கிறேன் என்று பழுப்புப் பாட்டிலை எடுத்தாள்.

முன்தினம்தான் அதில் தண்ணீரை மாற்றியிருந்தேன். லாரி வரவில்லை. பானையில் நல்ல தண்ணீர் அடிமட்டத்தில் இருந்தது, அது பிள்ளைக்குப் பால் கலக்க. பொய் மருந்துக்கு அதை வீணாக்குவானேன் என்று கைப்பம்பில் பிடித்துச் சோம்பு போட்டேன். நாக்கில் வைத்தும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ராகுல் சொட்டு பட்டதும் முகத்தைச் சுளித்தான். திவ்யா பாட்டிலைப் பார்த்தாள். தன் விரலில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். மறுபடியும் நக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள். வந்த அன்றைக்கு வாசலில் துப்பியபோது பார்த்த அதே பார்வை.

“அண்ணி, இது உங்க ஊர்த் தண்ணி.”

“இன்னாம்மா உளர்றே. மருந்து அது.”

“அம்மா, நீ நக்கிப் பாரு. உப்பு கரிக்குது பாரு.”

ருக்கு நக்கினாள், துப்பினாள். விக்கி நக்கினான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவன் எங்கள் பிள்ளை. “நல்லாத்தான இருக்குது” என்றான். ஆனால் ருக்கு என் இடுப்பிலிருந்து சுருக்குப் பையைப் பிடுங்கி உதறினாள். பாக்கோடு அந்தப் பாட்டிலும் விழுந்தது. ஊசி குத்திய காம்பை அப்புறம்தான் பார்த்தார்கள்.

நான் மறைக்கவில்லை, மேடம். எல்லாம் நான்தான் செய்தேன். ஒரு சொட்டு மருந்தை நம்பி என் தோளை விட்டவர்களுக்கு அது எவ்வளவு அற்பம் என்று காட்டினேன். பிள்ளைக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. நீலமானபோது நான் பொறுத்தது ஒரு மூச்சு நேரம். அந்த நேரம் எனக்குத் தெரியும். வேறு யாருக்கு அப்படித் தெரியும்.

என்னை விசாரிக்க வந்ததும் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். ராகுல் அனுப்பம்பட்டில் இருக்கிறான், திவ்யாதான் புட்டிப் பால் கொடுக்கிறாள், அதே சொட்டுதான், அழுவதே இல்லை என்று. நான் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டேன். ஏன் என்று அவளுக்குப் புரியாது, உங்களுக்கும் புரியாது. யார் கையில் இருந்தாலும், கடைசியில் அழைத்துப்போக நான் வருவேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் அழாமல் இருக்கிறான்.