லண்டன் சோதனை

திருகோணமலையிலிருந்து புறப்பட்ட சாம்பல்தீவு பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகள் ஓ.எல். சோதனை பாஸ் பண்ணிவிட்டாளாம். அடுத்தது பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனை; லண்டனுடையதை எழுதுவதா இலங்கையுடையதை எழுதுவதா என்று பேச்சு.

"லண்டன் ஏ.எல். எண்டா அந்தக் குளிருக்குள்ள போயோ எழுதவேணும்?" என்று தாய் கேட்டார்.

"இல்லையம்மா. கேள்விதான் லண்டன்காரர் போடுறது. எழுதுறது கொழும்பில. பாஸ் பண்ணினா வெளிநாட்டில படிக்கலாம்."

"அப்ப எங்கட ஏ.எல்.?"

"அதில பாஸ் பண்ணினா இலங்கைக் கம்பஸ். யாழ்ப்பாணமோ பேராதனையோ, கிடைக்கிற இடத்துக்குத்தான் போகவேணும்."

தாய் மகளின் பக்கம் திரும்பினார்.

"எதை எழுதினா நீ வீட்ட நிப்பாய்?"

"ரெண்டிலையும் பெயில் விட்டா."

"வாயைக் கழுவடி," என்ற தாய், மகளின் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"திருகோணமலை ஏ.எல். எண்டு ஒண்டும் இல்லையோ பிள்ளை?"